ஒரு பனை உயரத்தில் கைலாசம்

கோடைக்காலத்தில் வேலூரிலிருந்தோ திருத்தணியிலிருந்தோ திருப்பதிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள், அறுவடை முடிந்து வெறிச்சோடிக் கிடக்கும் ஏதாவதொரு வயலின் நடுவே, கிளையும் இலையும் இல்லாத நெடுமரம் ஒன்று, அடி முதல் மஞ்சளும் குங்குமமும் பூசப்பெற்று, ஏறுவதற்குப் படிபோலக் குறுக்குக் கட்டைகள் அறையப்பெற்று, உச்சியில் ஒரு சிறு பரணைத் தாங்கிக்கொண்டு தன்னந்தனியாக நிற்பதை ஜன்னல் வழியே பார்த்திருக்கக்கூடும். பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதை ஏதோ அரசியல் கட்சியின் கொடிக்கம்பம் என்று எண்ணிக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கத்தைத் தொடர்ந்திருப்பார்கள். ஆனால் அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், அது கம்பமும் அன்று மரமும் அன்று, கைலாசம் என்பார்கள். தெலுங்கு பேசுகிறவர்கள் அதற்குத் ‘தபசு மானு’ என்றும், தமிழ் பேசுகிறவர்கள் ‘தபசு மரம்’ என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், அந்த மரத்தில் அர்ஜுனன் ஏறுவான்.

வீரன் ஒருவன் தனக்குப் பழக்கமான உலகத்தைத் துறந்து மாயலோகத்துக்குள் நுழைந்து, அங்கே அசுரரையும் தேவரையும் சந்தித்து, கிடைத்தற்கரிய பொருளொன்றைப் பெற்றுத் திரும்புகிறான் என்ற கதையை மனிதர்கள் எந்தக் காலத்திலும் சலிக்காமல் கேட்டு வந்திருக்கிறார்கள். நம் தலைமுறை அதை அம்புலிமாமாவின் பக்கங்களிலும் விட்டலாசார்யாவின் படங்களிலும் கண்டு களித்தது. இன்றைய பிள்ளைகளோ கைப்பேசியில், ஒரு லோகத்தை ஜயித்து ஒரு வாளையும், மறு லோகத்தை ஜயித்து ஒரு கேடயத்தையும் சேகரித்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டால்கூட வராமல் அதே பிரயாணத்தைச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆயுதம் தேடி லோகம் லோகமாகப் போகிற இந்த விளையாட்டின் மூத்த வடிவம் மகாபாரதத்தின் வனபர்வத்தில் இருக்கிறதென்றும், அதைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் குடியானவர்கள் ஆண்டுதோறும் தங்கள் வயலிலேயே நடத்திப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னால், அப்பிள்ளைகள் கைப்பேசியைக் கீழே வைக்க மாட்டார்கள்தான். ஆனாலும் சொல்லி வைப்பது நம் கடமை.

கதை தெரிந்ததே. சூதில் நாட்டை இழந்து பன்னிரண்டு வருஷ வனவாசத்தைத் தொடங்கிய பாண்டவர்களிடம் வியாசர் வருகிறார். பீஷ்மரும் துரோணரும் கர்ணனும் எதிரே நிற்கப்போகும் யுத்தத்தில் இப்போதுள்ள ஆயுதங்கள் போதா என்று அறிந்த அவர், தருமருக்கு ஒரு வித்தையை உபதேசிக்க, தருமர் அதைத் தம்பிக்கு உபதேசித்து வடக்கே அனுப்புகிறார். இமயத்தைக் கடந்து இந்திரகீலம் என்னும் மலைக்கு வந்து சேர்ந்த அர்ஜுனனை, மரத்தடியில் உட்கார்ந்திருந்த மெலிந்த தவசி ஒருவர் வழிமறித்து, “சாந்தம் நிறைந்த இந்த இடத்துக்கு வில்லோடு வந்தவன் யார்? அதைத் தூர எறிந்துவிடு” என்கிற பொருள்படப் பேசுகிறார். அவன் எறியவில்லை. தவசி வேஷத்தில் வந்த இந்திரன் மகிழ்ந்து, வேண்டுமானால் சுவர்க்கத்தையே தருகிறேன் என்கிறான். காட்டில் அண்ணனையும் தம்பிகளையும் விட்டுவிட்டுச் சுகம் தேடி நான் வரவில்லை, அஸ்திரங்களே வேண்டும் என்று இவன் மறுக்கிறான். அப்படியானால் முதலில் சிவனைக் கண்டு வா என்று சொல்லி இந்திரன் மறைகிறான்.

பிறகு தபசு. முதல் மாதம் மூன்று இரவுக்கு ஒரு முறை பழம். இரண்டாம் மாதம் ஆறு இரவுக்கு ஒரு முறை. மூன்றாம் மாதம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை உதிர்ந்த சருகு. நான்காம் மாதம் காற்றே ஆகாரமாக, கைகளை உயரத் தூக்கி, கால் விரல் நுனியில் நிற்கிறான். மலையே புகைகிறது. ரிஷிகள் ஓடிப்போய்ச் சிவனிடம் முறையிட, அவர் வேடனாக, உமையும் வேட்டுவச்சியாக உடன்வர, காட்டுக்குள் இறங்குகிறார். அதே வேளையில் மூகன் என்ற அசுரன் பன்றி வடிவெடுத்து அர்ஜுனனைக் கொல்லப் பாய்கிறான். இரண்டு வில்லிலிருந்தும் ஒரே கணத்தில் அம்பு புறப்படுகிறது. பன்றி விழுகிறது. யார் அம்பு முதலில் பட்டது?

இந்தக் கேள்விதான் கூத்தின் உயிர். வியாசர் சில சுலோகங்களில் முடித்துவிட்ட இந்தச் சண்டையை, கூத்தாடிகள் நள்ளிரவுக்குமேல் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இழுப்பார்கள். ஜனங்களும் இழுக்கச் சொல்லுவார்கள். அர்ஜுனன் பேசுவது ராஜகுமாரனின் செந்தமிழ் அல்லது அடுக்கடுக்கான சமஸ்கிருதப் பதங்கள் விரவிய தெலுங்கு. வேடன் பேசுவதோ அந்த ஊர்ச் சந்தையில் புழங்கும் கொச்சை. ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். பன்றி யாருடையது என்பதில் தொடங்கும் வாதம், அவரவர் குலம் கோத்திரம், காடு யாருக்குச் சொந்தம், சாமியார் வேஷம் போட்டவனுக்கு வில் எதற்கு, மாமிசம் தின்னாதவனுக்குப் பன்றி எதற்கு என்று வளர்ந்து கொண்டே போகும். நியாயம் வேடன் பக்கம் இருப்பதாகவே பார்ப்பவருக்குத் தோன்றும். அந்தச் சிரிப்புக்கு நடுவே, ராஜகுமாரனின் கௌரவம் ஒவ்வொரு இழையாகப் பிரிந்து கொண்டிருக்கிறது என்பதைப் பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை.

அதன் பிறகு யுத்தம். அது யுத்தமே அல்ல. அர்ஜுனன் விடுகிற அம்புகளை வேடன் மழையில் நனைகிற மலைபோல நின்று ஏற்றுக்கொள்கிறான். அள்ள அள்ளக் குறையாத தூணி வரலாற்றிலேயே முதன்முறையாகக் காலியாகிறது. காண்டீவத்தைத் தடியாக்கி அடிக்கிறான். வேடன் அதைப் பிடுங்கிக்கொள்கிறான். வாளை ஓங்குகிறான், வேடன் தலையில் பட்டு வாள் தெறிக்கிறது. மரத்தைப் பிடுங்கி அடிக்கிறான், பாறையைத் தூக்கி எறிகிறான், கடைசியில் கைகலக்கிறான். உடல் நசுங்கி மூர்ச்சையாகிறான். தெளிந்தபோது அவனிடம் ஒன்றும் இல்லை. மண்ணைப் பிடித்துச் சிவலிங்கமாக்கி, காட்டுப்பூவை மாலையாக்கி அதற்குச் சாத்துகிறான். சாத்திய மாலை வேடனின் தலையில் இருக்கிறது.

சிறு வயதில் இந்தக் கட்டத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்து நாளாகக் கூத்தில் பார்த்து, வில்லை வளைத்துத் திரௌபதியை மணந்தபோது கைதட்டி, காண்டவ வனத்தை எரித்தபோது வாய்பிளந்து, இவன்தான் நம் ஆள் என்று தீர்மானித்திருந்த ஒருவன், எல்லார் முன்னிலையிலும் ஒரு வேடனிடம் அடிபட்டு மண்ணில் கிடக்கிறானே என்ற ஆற்றாமையில், பக்கத்தில் துண்டு விரித்துச் சாய்ந்திருந்த தாத்தாவைத் தட்டி எழுப்பி, “என்ன தாத்தா, அர்ஜுனன் தோத்துப் போயிட்டானே!” என்றேன். அவர் பாதித் தூக்கத்தில், “தோக்காம போனா எப்படிடா குடுப்பாரு? நீ பாரு,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு எத்தனையோ தேசத்து வீரகதைகளைப் படித்திருக்கிறேன். பூதத்தை வெட்டிப் புதையலை எடுப்பவனும், கிழவியை ஏமாற்றி மந்திரக்கோலைப் பறிப்பவனும், பறவைநாகத்தைக் குத்திக் கொன்று ராஜகுமாரியை மீட்பவனும் அவற்றில் உண்டு. எல்லாரும் ஜயித்துப் பெற்றார்கள். அடிபட்டு, ஆயுதம் அனைத்தையும் பறிகொடுத்து, வெறுங்கையனான பிறகே பாசுபதம் என்னும் பேராயுதத்தைச் சிவனிடம் கையேந்திப் பெற்றவன் என்ற விசித்திரம் இவனிடத்தில்தான் இத்தனை பளிச்சென்று இருக்கிறது.

இந்தக் கதையைக் கூத்தாக நடத்துகிற விழாவுக்குப் பாரத உற்சவம் என்று பெயர். திரௌபதி அம்மன் அல்லது தருமராஜர் கோயில் உள்ள ஊர்களில், பெரும்பாலும் பதினெட்டு நாள் நடக்கும். பகலில் பிரசங்கம்; இரவில் கூத்து. தமிழ்ப் பிரசங்கியார் வில்லிபுத்தூராரையும் நல்லாப்பிள்ளையையும் சொல்லிப் பொருள் விரிப்பார். தெலுங்கு பாகவதர் சிப்ளாக்கட்டையைத் தட்டிக்கொண்டு ஹரிகதையாகப் பாடுவார். தெலுங்குக்கு முதலில் பாரதம் தந்த நன்னயர் ஆரண்ய பர்வத்தின் நடுவிலேயே எழுத்தாணியைக் கீழே வைக்க நேர்ந்தபோதிலும், இந்தக் கிராதன் (வேடன்) கதை அதற்கு முன்னரே வந்துவிடுவதால், அது அவர் வாக்கிலேயே தெலுங்கருக்குக் கிடைத்திருக்கிறது. 1911-ல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்துச் சேர்த்துச் சித்தூர் ஜில்லா அமைக்கப்பட்டது. மொழிவாரி மாகாணங்கள் ஏற்பட்ட பின், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணிப் பகுதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் காளத்தியும் ஆந்திரத்தில் நின்றன. கோடு எங்கே போனாலும் கூத்துக்காரர்கள் பழைய பாதையிலேயே போய்வந்துகொண்டிருக்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் தெருக்கூத்து என்றும் அந்தப் பக்கம் வீதி நாடகம் என்றும் பெயர் மாறுகிறதே தவிர, மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும், மத்தளமும் முகவீணையும், வேஷக்காரனை மறைத்து இரண்டு பேர் பிடிக்கும் திரையும், அவனைக் கேள்வி கேட்டுச் சிரிக்க வைக்கும் கட்டியங்காரனும் இருபுறமும் ஒரே ஜாதிதான்.

மற்ற நாள் கூத்துகளுக்கும் தபசு நாளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மற்ற நாட்களில் களரி என்பது நாலு பக்கமும் ஜனங்கள் உட்கார்ந்த ஒரு வட்டம். அதில் அஸ்தினாபுரமும் வரும், விராட தேசமும் வரும், நாம் மனத்தால் கற்பித்துக்கொள்ள வேண்டும். தபசு நாளில் மட்டும் கற்பனைக்கு உயரம் வந்துவிடுகிறது. பனையோ பாக்கோ நல்ல நேரான மரமாகப் பார்த்து வெட்டி, மேளதாளத்தோடு கொண்டுவந்து, பூஜை செய்து நட்டு, அதற்குமேல் அது மரம் என்று யாரும் சொல்லாதபடி ஆக்கிவிடுகிறார்கள். அர்ஜுன வேஷக்காரர் விரதம் இருந்து வருவார். கிரீடம் தரித்து, தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, மரத்தை வலம் வந்து முதல் படியில் கால் வைப்பார். படிக்கு ஒரு பாட்டு. ஒவ்வொரு படியிலும் நின்று பாடி, கீழே பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடி முடித்த பிறகே அடுத்த படி. இப்படி ஏறுகிறவர் பாதி உயரத்தைத் தாண்டும்போது, குரல் காற்றில் கரைந்து, நமக்குத் தெரிந்த பக்கத்தூர்க்காரர் என்ற நினைப்பு மெல்ல மெல்ல அகன்று, மேலே இருப்பவன் யாரோ ஒருவன் என்ற பயம் நிஜமாகவே பிடித்துக்கொள்கிறது. நாடக மேடைக்காரர்கள் திரைச்சீலைக்கும் விளக்குக்கும் செலவழிக்கும் பணத்தையெல்லாம் செலவழித்தாலும் இந்தப் பயத்தை உண்டாக்கிவிட முடியாது என்பது என் அபிப்பிராயம்.

மரத்தடியிலோ வேறொரு தபசு நடக்கிறது. பிள்ளைப்பேறு வாய்க்காத பெண்கள், தலை முழுகி ஈரச்சேலையோடு வந்து, மரத்தைச் சுற்றிலும் குப்புற விழுந்து சாஷ்டாங்கமாகக் கிடப்பார்கள். உச்சிப் பரணில் நின்று பாடி முடித்த அர்ஜுனர், பையிலிருந்து விபூதியையும் வில்வத்தையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்து நாலு திசையிலும் வீசுவார். யார் முதுகில் விழுகிறதோ, யார் முந்தானையில் விழுகிறதோ, அவளுக்கு அந்த வருஷம் மடி நிறையும் என்பது நம்பிக்கை. கணவன்மார் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாமியார்களின் கை கூப்பியபடி இருக்கும். இதை மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், எழுதியும் இருக்கிறார்கள். மருந்தால் தீர வேண்டியதை மரத்தடியில் தேடலாகாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் வீட்டுக்குள் தனியாகச் சொல்லடி பட்டவள், அன்றொரு நாள் தன் குறையை ஊரறியத் தரையில் கிடத்தி, தன்னைப்போன்ற இருபது பேரோடு சேர்ந்து கிடப்பதையும், அவள் எழுந்தபோது யாரும் அவளைக் கேலி செய்யாமல் வழிவிடுவதையும் கண்டவன், அதை ஒரு சொல்லில் அடக்கிவிடத் தயங்குவான். அவள் கேட்பதும் ஒரு பாசுபதம்தான். போரில் எதிரியைக் கொல்லக் கேட்ட அஸ்திரம், இந்த வயலுக்கு வந்ததும் பிள்ளை வரமாக மாறிப்போன ரசவாதத்தை எந்த மகாகவியும் செய்ததில்லை. பெயர் தெரியாத ஜனங்கள் செய்திருக்கிறார்கள்.

மகாகவிகளும் இந்தக் கதையை விட்டு வைக்கவில்லை. பதினெட்டு சர்க்கத்தில் கிராதார்ஜுனீயம் பாடிய பாரவியின் பெயர், 634-ஆம் ஆண்டு ஐஹோளே கல்வெட்டிலேயே புகழுடன் பொறிக்கப்பட்டிருக்கிறது. மாமல்லபுரத்தில் பாறையை நிறைத்துச் செதுக்கிய சிற்பத்தொகுதியை நம்மவர் அர்ஜுனன் தபசு என்றே அழைத்து வருகிறார்கள். அது பகீரதன் தபசு, கங்கை இறங்கும் காட்சி என்று வாதிப்போரும் உண்டு. பன்றியும் சண்டையும் அதில் இல்லாதது அவர்களுக்குச் சாதகம். ஒற்றைக்காலில் நிற்கும் தவசியைப் பார்த்து அங்கே ஒரு பூனையும் கைதூக்கித் தவம் செய்கிறது என்பதில் மட்டும் இரு கட்சியாருக்கும் தகராறு இல்லை. கடல் கடந்தும் இக்கதை போயிற்று. ஜாவா தீவில் ஐர்லங்க மன்னன் காலத்தில், பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில், ம்பூ கண்வர் என்ற கவி இதை ‘அர்ஜுன விவாஹ’ என்ற காவியமாகப் பாடினார். அங்கே தபசைக் கலைக்க ஏழு அப்சரஸ்கள் வருகிறார்கள். பன்றியும் வேடனும் பாசுபதமும் உண்டு. இன்றும் அந்நாட்டுத் தோற்பாவைக் கூத்தில் தவக்கோலத்து அர்ஜுனன் விளக்கு முன் நிழலாக வந்து நிற்கிறான்.

பாசுபதம் பெற்ற பின் நடப்பதுதான் சரியான மாயலோகச் சஞ்சாரம். யமன் தண்டத்தையும், வருணன் பாசத்தையும், குபேரன் எதிரியை உறங்கவைக்கும் அஸ்திரத்தையும் நேரே வந்து தருகிறார்கள். இந்திரனின் சாரதி மாதலி ஓட்டிய தேரில் ஏறி அமராவதிக்குப் போய் ஐந்து வருஷம் தங்குகிறான். கடலடியில் நிவாதகவசர் என்னும் அசுரர் மூன்று கோடிப் பேரை அழிக்கிறான். ஆகாயத்தில் நினைத்தபடி சுற்றும் இரணியபுரத்தைச் சிவன் தந்த அஸ்திரத்தால் வீழ்த்துகிறான். பிள்ளைகளுக்குப் பிடித்த பகுதி இதுவே. எனக்கு இதில் அவ்வளவு ஈடுபாடில்லை. கூத்துக்காரர்களும் விரைவாகவே கடந்துவிடுவார்கள். அவர்கள் நின்று ஆடுவது ஊர்வசியின் காதலையும் கோபத்தையும் மட்டும். அவள் இட்ட சாபத்தாலும், கந்தர்வன் சித்திரசேனனிடம் கற்ற ஆடல் பாடலாலும் அல்லவா அவன் விராட தேசத்தில் பேடியாக ஒளிந்து வாழ முடிந்தது! இந்திரலோகத்திலிருந்து கொண்டுவந்த தெய்வாஸ்திரங்களைவிட, அங்கே கற்ற நாட்டியமே முதலில் உதவிற்று.

திருப்பதிக்குக் கிழக்கே ரேணிகுண்டாவைக் கடந்து சிறிது தூரத்தில் குடிமல்லம் என்ற கிராமம் இருக்கிறது. அங்குள்ள பரசுராமேஸ்வரர் கோயிலில், ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த லிங்கத்தின் முன்புறத்தில், தோளில் மழுவும், ஒரு கையில் பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்ட ஆடும், மறு கையில் சிறு கலயமுமாக, குறளன் ஒருவன் தோள்மேல் ஏறி நிற்கிறார் சிவன். கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய காலத்தது என்று அறிஞர் பலர் கணிக்கும் அந்த உருவத்தின் எதிரே நின்றபோது, கிராதன் கதையில் சிவன் வேடனாக வேஷம் போட்டார் என்று நாம் சொல்லுவது சரிதானா என்ற ஐயம் எனக்கு வந்தது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அவர் ஆதியிலேயே வேடராகத்தான் தரிசனம் தந்திருக்கிறார் போலும்.

அங்கிருந்து பொன்முகலியாற்றங்கரைக்குப் போனால் காளத்தி. சேக்கிழார் பாடிய திண்ணன் முதல் வேட்டைக்கு வந்தபோது, வலையை அறுத்துக்கொண்டு ஓடிய ஒரு பன்றியைத் துரத்தித்தான் இந்த மலைக்கு வந்து சேர்ந்தான். அதே பன்றி, அதே காடு, அதே வில். ஆனால் எதிரே இருந்த தெய்வத்தோடு அவனுக்குச் சண்டையில்லை. துணையில்லாமல் காட்டில் தனித்திருக்கிறாரே என்று இரக்கம் வந்தது. வாயில் நீரும், தலையில் பூவும், கையில் தான் கடித்துச் சுவை பார்த்த இறைச்சியுமாக வந்து, இரவெல்லாம் வில்லேந்திக் காவல் நின்று, ஆறாம் நாள் தன் கண்ணையே பெயர்த்து அப்பிக் கண்ணப்பனானான். வேடனாக வந்த சிவனை இன்னாரென்று தெரிந்துகொள்ளத் தவறிய அர்ஜுனனே மறுபிறப்பில் வேடர் குலத்தில் திண்ணனாய்ப் பிறந்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் ஐதிகம். சேக்கிழார் இதைச் சொல்லவில்லை. காளத்தி வட்டாரத்தார் சொல்லாமல் இருப்பதில்லை.

சில வருஷங்களுக்கு முன், தபசு முடிந்து விடிந்த வேளையில், அரிதாரம் பாதி கலைந்த முகத்தோடு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் அர்ஜுன வேஷக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். இருபது வருஷமாக மரம் ஏறுகிறாராம். கை முழுவதும் சிராய்ப்பு. அடுத்த ஊர்க் கூத்துக்கு இரண்டு நாள் இருந்தது; ஓய்வெடுக்கப்போகிறீர்களா என்று கேட்டேன்.

“இல்லீங்க சாமி, காளாஸ்திரி போறேன். மரம் எறங்கின மறுநாள் மலைமேல கண்ணப்பர்கிட்டப் போயி ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடணும். வருஷா வருஷம் போறதுதான்.”

“கண்ணப்பருக்கு ஏதாவது வேண்டுதலா?”

அவர் டீயை ஊதி ஒரு வாய் குடித்தார். “வேண்டுதல் என்னங்க,” என்றார், “அவரும் நான்தானே.”